படகை ஓட்டியது யார்?

1

சென்ற மாதம் இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. போன வருடம் ஆகஸ்ட் விடுமுறையில் ஏரியில் நடந்த விபத்து தொடர்பான கோப்பு மூடப்பட்டது, இனி எங்கள் மீது கோரிக்கை எதுவும் இல்லை என்று அதில் இருந்தது. என் மனைவி சுமதி அதைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கற்பூரம் காட்டினாள். உடனே கூரையில் இருக்கும் புகை மணி அலறியது. மகள் ரம்யா நாற்காலி போட்டு ஏறி அதை நிறுத்தினாள். கனடாவில் எங்கள் வீட்டில் எந்த நல்ல காரியமும் அந்தச் சத்தம் இல்லாமல் நடந்ததில்லை.

ஊரில் இருப்பவர்களுக்குப் பாதிக் கதைதான் தெரியும். படகு மோதிவிட்டது, யாருக்கோ அடி, கேஸ் ஆகிவிட்டது என்ற அளவில் செய்தி திருப்பூர்ப் பக்கம் எங்கள் நல்லூர் வரை போனது. திரும்பி வரும்போது நான் ஜெயிலில் இருப்பதாக வந்தது. ஆகவே முழுதாகச் சொல்லிவிடுகிறேன். சொல்ல வெட்கப்படும் பகுதியும் இதில் உண்டு. அதை விட்டுவிட்டால் எழுத ஒன்றுமே மிஞ்சாது.

2

நான் இங்கே ஓர் இறக்குமதிக் கிடங்கில் துணிகளைப் பரிசோதிக்கிறவன். திருப்பூரில் இருந்தபோது ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். அங்கே பெட்டியை ஒட்டி அனுப்பினேன், இங்கே அதே பெட்டியை அறுத்துப் பிரிக்கிறேன். துணி இறக்குமதிக்கு இருந்த கோட்டா முறை போன பிறகு பெட்டிகள் மலைபோல வந்து இறங்குகின்றன. காலர் கோணலாக இருந்தால் எழுதி வைப்பேன், மேலாளர் திருப்பூருக்குப் போன் போடச் சொல்வார். அந்தப் பக்கத்தில் எடுப்பவரிடம் நான் தமிழில் பேசினால் அவர் கொஞ்சம் நிம்மதியாகத் திட்டு வாங்கிக்கொள்வார்.

ரம்யா இங்கே வரும்போது அவளுக்குப் பத்து வயது. போன வருடம் பதினாறு. வீட்டில் அவளிடம் நான் பேசுவது மூன்று கேள்விகள்தான்: சாப்பிட்டாயா, எங்கே போகிறாய், எப்போது வருவாய். பதிலும் மூன்று வார்த்தைக்கு மேல் போகாது. பள்ளியில் என்ன செய்கிறாள் என்று கேட்டால் "ஸ்டஃப்" என்பாள். அந்தப் பாடம் எங்கள் காலத்தில் இல்லை. அவள் கொண்டுவந்து நீட்டும் தாள்களில் நான் கையெழுத்துப் போடுவேன். கம்பெனியில் டெலிவரி சலானில் படிக்காமல் போட்டுப் பழகிய கை.

கொஞ்சம் ஒட்டுதல் வரட்டும் என்றுதான் ஏரிக்குப் போகலாம் என்றேன். டொராண்டோவுக்கு வடக்கே இரண்டு மணி நேரம் போனால் ஏரிகள். ஒரு வாடகைக் கடையில் பின்பக்கம் சிறிய மோட்டார் வைத்த அலுமினியப் படகு கிடைத்தது. கடைக்காரர் ஒரு பட்டியலைக் கொடுத்து, லைஃப் ஜாக்கெட், துடுப்பு, விசில், கயிறு என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். நான் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டி அடியில் கையெழுத்துப் போட்டேன். வேறு யாராவது ஓட்டுவதானால் பெயர் எழுதவும் என்று ஒரு கட்டம் இருந்தது. அதை வெறுமையாக விட்டேன்.

கொஞ்ச தூரம் போனதும் ரம்யா, "நான் ஓட்டட்டுமா?" என்றாள். முழு வாக்கியமாக, அதுவும் தமிழில் கேட்டாள். மறுக்க மனம் வரவில்லை. இடம் மாறினோம். அவள் பின்னால் மோட்டாரைப் பிடித்து உட்கார்ந்தாள், சுமதி நடுவில். நான் முன்னால் போய் அவளைப் பார்க்கிறபடி, ஏரிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். அவளுக்கு முன்னே இருந்த பார்வையில் பாதியை என் உடம்பே மறைத்தது என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. புதிதாக வாங்கிய டிஜிட்டல் கேமராவை எடுத்தேன். ஏரியில் படகு ஓட்டும் மகளின் படத்தை மாமனார் வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்ற பெருமை.

"ரம்யா, இங்க பாரு கண்ணு. சிரி."

அவள் பார்த்தாள், சிரித்தாள். நான் எடுத்தேன். சரியில்லை என்று இன்னொரு தடவை பார்க்கச் சொன்னேன். அப்போது நாணல் மேட்டைச் சுற்றிக்கொண்டு கேனோ என்கிற ஒடுக்கமான சின்னப் படகு ஒன்று வந்தது. ஒரே ஆள், துடுப்புப் போட்டு வந்தவர். மோதிய சத்தம் பெரிதாக இல்லை, பானை இடிபட்ட அளவுதான். ஆனால் கேனோ கவிழ்ந்து அந்த மனிதர் தண்ணீரில் கிடந்தார்.

சுமதி "முருகா, முருகா" என்று எழுந்து நின்றுவிட்டாள். நான் கேமராவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ரம்யாதான் மோட்டாரை உடனே அணைத்து, "அம்மா, சிட்" என்று கத்தி, கயிற்றை வீசினாள். அவர் ஒரு கையால்தான் பிடித்தார். இன்னொரு தோள் உடைந்திருந்தது. விசிலை எடுத்து அவள் ஊதிக்கொண்டே இருந்தாள். வேறொரு படகு வந்து அவரை ஏற்றியது. பெயர் ஆலன், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் என்பதெல்லாம் பிறகு தெரிந்தது.

3

கரையில் போலீஸ்காரர் குறிப்பேட்டோடு வந்தார். முதல் கேள்வி, படகை ஓட்டியது யார்.

"நான்தான்" என்றேன்.

யோசித்துச் சொன்ன பொய் அல்ல. இருமல் வருவதுபோல வந்தது. கம்பளி போர்த்தி உட்கார்ந்திருந்த ரம்யா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். போலீஸ்காரர் எழுதிக்கொண்டு போய்விட்டார்.

காரில் வைத்துத்தான் கேட்டாள். "ஏன்ப்பா அப்படிச் சொன்ன?"

"உனக்கு ஒண்ணும் ஆகக்கூடாதுன்னுதான் கண்ணு."

"எனக்கு கார்டு இருக்கு." பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து நீட்டினாள். படகு ஓட்டத் தேர்வெழுதி வாங்கிய அட்டை. அதற்கு முந்தைய வருடமே பள்ளி நண்பர்களோடு படித்து வாங்கியிருக்கிறாள். "நீதான் ஃபார்ம்ல சைன் பண்ணின."

எனக்கு அந்த அட்டை கிடையாது. காலையில் தலையாட்டிப் போட்ட கையெழுத்து ஒன்றுதான் என் தகுதி. தெரிந்தவள் ஓட்டிய படகைத் தெரியாதவன் ஓட்டியதாக நானே போலீசில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

"ஏனுங்க, இப்பப் புள்ள மேல கேஸ் வந்துருமுங்களா?" என்று சுமதி பின்சீட்டிலிருந்து கேட்டாள். "இல்ல, உங்க மேல வருமுங்களா? எதுவா இருந்தாலும் சொல்லிப்போடுங்க. நான் எதுக்கு அழுகறதுன்னாவது தெரியோணும்."

4

விடுமுறையிலும் அன்று மாலையே எங்களைப் பார்க்க ஒப்புக்கொண்ட வழக்கறிஞர் சாந்தினியின் அலுவலகம் ஒரு பலசரக்குக் கடைக்கு மேலே இருந்தது. யாழ்ப்பாணத்துக்காரர். நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தார்.

"ஏன் அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"புள்ளையக் காப்பாத்தத்தானுங்க."

"ஆரிட்ட இருந்து?"

நான் அவர் கீழே வைத்த பேனாவைப் பார்த்தேன்.

அவர் விளக்கியது இது. போலீஸ் பார்ப்பது ஒரு வழி, விதி மீறப்பட்டதா என்று. அடிபட்டவர் இழப்பீடு கேட்பது வேறு வழி. அதில் பொறுப்பு முழுவதும் ஒருவர் தலையில் விழ வேண்டியதில்லை. ஓட்டியவர் முன்னால் கவனித்தாரா, படகை எடுத்தவர் என்ன செய்தார், கேனோக்காரர் கவனித்தாரா என்று பார்த்துப் பங்கு பிரிப்பார்கள். அதற்கு முதலில் நடந்தது நடந்தபடி தெரிய வேண்டும். பொய் வாக்குமூலம் விபத்தைவிடப் பெரிய குற்றமாகிவிடலாம்.

"நாளைக்குப் பொலிசிட்டப் போய் உண்மையைச் சொல்லுங்கோ, நானும் வாறன். இன்சூரன்சுக்கு இண்டைக்கே அறிவியுங்கோ. அந்த மனிசனிட்டப் போகக் கூடாது, போன் எடுக்கக் கூடாது, கடிதமும் எழுதக் கூடாது."

"ஆஸ்பத்திரிக்கு ஒரு பை ஆப்பிளாச்சும் கொண்டு போய், மொகத்தைப் பார்த்து..."

"ஒரு ஆப்பிளும் வேண்டாம்."

இதுதான் எனக்குத் தாங்கவில்லை. அடிபட்டுக் கிடப்பவரைப் போய்ப் பார்க்காமல் இருப்பதை எங்கள் பக்கத்தில் மனுசத்தன்மையே இல்லாத செயல் என்பார்கள். இங்கே போய்ப் பார்ப்பது பொறுப்பை ஒப்புக்கொண்டதாகிவிடும், இன்சூரன்ஸ் கைவிரித்துவிடும். நல்லவனாக இருப்பதற்குக்கூட வக்கீலிடம் அனுமதி கேட்க வேண்டிய நாட்டுக்கு வந்து சேர்ந்தோமே என்று எரிச்சலாக இருந்தது.

கடைசியில் சாந்தினி, "படம் ஏதும் எடுத்தனீங்களே?" என்று கேட்டார்.

"சரியா விழுகலீங்க" என்றேன். பக்கத்தில் இருந்த ரம்யா தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

5

ஆரிட்ட இருந்து என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. அது திருப்பூரில் இருந்தது.

துணி விவகாரத்தில் திருப்பூரில் யாரும் தப்பை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். பனியன் சுருங்கினால் நூல்காரர் நிட்டிங்காரரைக் காட்டுவார், அவர் சாயம் போடும் டையிங்கைக் காட்டுவார், டையிங்காரர் "எங்கிட்ட இருந்து போறப்ப நல்லாத்தானுங்க இருந்துச்சு" என்பார். ஆனால் ரோட்டில் யாராவது அடிபட்டால் கதை வேறு. அங்கே தப்பை எடுத்துக்கொள்ள ஆள் வைத்திருப்பார்கள்.

நான் வேலை பார்த்த கம்பெனி நல்லூரில் இருந்தது. நான் கனடா வருவதற்கு மூன்று வருடம் முன்பு, முதலாளியின் மகன் கம்பெனி வேனை எடுத்துக்கொண்டு மங்கலம் ரோட்டில் போனபோது, சைக்கிளில் வந்த ஒரு விசைத்தறித் தொழிலாளி மேல் ஏற்றிவிட்டார். கால் முறிந்தது. மகனுக்கு லைசென்ஸ் கிடையாது. முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"லைசென்சு உன்ற கிட்டத்தான இருக்குது கண்ணு. நீ ஓட்டுனேன்னு ஒரு வார்த்தை சொல்லிப்போடு. மத்ததெல்லாம் நான் பாத்துக்கறேன்."

ஸ்டேஷனில் போய்ச் சொன்னேன். கோர்ட்டில் தலை குனிந்து நின்று அபராதத்தோடு வந்தேன். யாருக்கும் அது பொய்யாகத் தெரியவில்லை. "நல்ல பையன், நன்றியுள்ளவன்" என்றார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. முதலாளி சொன்ன சொல் மாறவில்லை. வைத்தியத்தைப் பார்த்துக்கொண்டார். தறியில் நிற்க முடியாமல்போன அந்த மனிதரைக் கம்பெனியிலேயே வாட்ச்மேனாக வைத்தார்.

அவர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். அந்தோணி என்று வைத்துக்கொள்வோம். வேலைக்குச் சேர்ந்த அன்று கேட்டில் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். காலை இழுத்துக்கொண்டு நின்றார். நான் தரையைப் பார்த்தேன்.

"விடுங்க சார்" என்றார். "வேணும்னா செஞ்சிய?"

நான் செய்யாத தப்புக்கு எனக்கு மன்னிப்புக் கிடைத்துவிட்டது. திருப்பிக் கொடுக்கவும் வழியில்லை. அதன் பிறகு மூன்று வருடம் அந்தக் கேட்டைக் குனிந்த தலையோடுதான் கடந்தேன். முதலாளியின் மகன் தினமும் கார் ஹாரனை அடிப்பார், அந்தோணி நொண்டி நொண்டி வந்து கதவைத் திறப்பார். கண்ணாடி ஒரு நாளும் இறங்கியதில்லை.

6

மறுநாள் ஸ்டேஷனில் சாந்தினி எனக்காகப் பேசினார். நேற்றைய வாக்குமூலம் தவறு, பதற்றத்தில் சொன்னது, திருத்த வந்திருக்கிறார் என்றார். போலீஸ்காரர் என்னையே பார்த்தார்.

"அப்படியானால் ஓட்டியது யார்?"

"என் மகள்" என்றேன். பெற்ற பிள்ளையைக் காட்டிக்கொடுப்பதாகவே இருந்தது. சுமதி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தது நல்லதாகப் போயிற்று.

ரம்யா தன் அட்டையை மேசைமேல் வைத்தாள். எல்லாவற்றையும் தெளிவாகச் சொன்னாள். எந்த வேகம், எப்போது மோட்டாரை அணைத்தாள், எந்தப் பக்கம் கயிற்றை வீசினாள். பிறகு, "மோதுவதற்கு முன் சில விநாடிகள் நான் முன்னால் பார்க்கவில்லை" என்றாள்.

"ஏன்?"

"தெரியவில்லை. கவனம் தப்பிவிட்டது. என் தப்பு."

என் மகள் எனக்கு அந்நியமாகிவிட்டாள் என்று ஆறு வருடமாகப் புலம்பிக்கொண்டிருந்தவன் நான். அந்த இடத்தில் அவள் அப்படியே நானாக இருந்தாள். நன்றியுள்ள பிள்ளை. அப்பனுடைய தப்பைக் கேட்காமலே எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டாள். நல்லூர் கேட்டில் தரையைப் பார்த்துக்கொண்டு இவள் நிற்பதாகத் தோன்றியது.

"நான் கூப்பிட்டேன்" என்றேன். "போட்டோ எடுக்கப் பார்க்கச் சொன்னேன். இரண்டு தடவை சொன்னேன். நான் உட்கார்ந்திருந்த இடமும் அவளுக்கு மறைத்தது."

சாந்தினி என் பக்கம் திரும்பினார். படம் சரியாக விழவில்லை என்று இவரிடம்தான் சொல்லியிருந்தேன். போலீஸ்காரர் கேமராவைக் கேட்டார், கொடுத்தேன். படம் நன்றாகத்தான் விழுந்திருந்தது.

அன்றைக்கு நான் வாங்கிய திட்டு, காலர் கோணலுக்கு நான் கொடுக்கும் திட்டுக்கெல்லாம் வட்டியும் முதலுமாக இருந்தது. பொய் சொன்னதற்கு வழக்குப் போடலாம் என்றார்கள். இரண்டு மாதம் தபால்பெட்டியைத் திறக்கவே பயம். கடைசியில் மறுநாளே வந்து திருத்தியதால் எழுத்தில் கடுமையான எச்சரிக்கையோடு விட்டார்கள். ரம்யா மேல் வழக்கு இல்லை. மோதிய பிறகு அவள் செய்தது ஒவ்வொன்றும் முறைப்படி இருந்தது என்று அறிக்கையில் இருந்ததாம். ஆலனின் இழப்பீட்டை இரண்டு பக்க இன்சூரன்ஸ் கம்பெனிகளும் ஒரு வருடம் பேசித் தீர்த்தன.

அன்று ஸ்டேஷனிலிருந்து திரும்பும்போது காரில் ரம்யா சொன்னதை மட்டும் மறக்க முடியவில்லை. "நேத்து நீ சொன்னதுக்கு அப்புறம், அவர்கிட்ட ஸாரி சொல்ற சான்ஸே எனக்கு இல்லாமப் போச்சுப்பா. நான்தானே இடிச்சேன்?"

7

கோப்பு மூடிய கடிதம் வந்ததும் சாந்தினியைக் கேட்டேன். இனி ஆலன் விரும்பினால் பார்க்கலாம் என்றார். அவரும் வரச் சொன்னார். சுமதி ஆப்பிளும் கொண்டுவந்தாள், முறுக்கும் கொண்டுவந்தாள்.

ஆலனின் ஒரு கை இன்னும் முழுக்க மேலே போகவில்லை. வாசலிலேயே நான் பேச ஆரம்பித்தேன். சுமதி என் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தாள். வாயை மூடிக்கொண்டேன்.

"படகை ஓட்டியது நான். உங்களைப் பார்க்கவில்லை. மன்னித்துவிடுங்கள்" என்றாள் ரம்யா. அவர் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னாள். நான் அவளைக் கூப்பிட்டதைச் சொல்லி, பிறகு நானும் மன்னிப்புக் கேட்டேன்.

ஆலன் முறுக்கைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தார். "நாணல் ஓரத்தில் ஒரு நாரை நின்றது. நான் அதைப் பார்த்துக்கொண்டே வந்தேன்" என்றார். "என் வக்கீல், கேட்டால் ஒழிய அதைச் சொல்ல வேண்டாம் என்றார். யாரும் கேட்கவில்லை. ஒரு வருடமாக உங்களிடம் சொல்ல வேண்டும் என்றிருந்தேன்."

அவர் சொல்லியிருக்கவே வேண்டாம். கோப்பு மூடிவிட்டது, யாரும் அவரைக் கேட்கப்போவதில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் அதுவே மனதில் இருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு போன் கார்டு வாங்கி நல்லூர்க் கம்பெனிக்குப் போட்டேன். அந்தோணி இப்போதும் அதே கேட்டில்தான் இருக்கிறார், மகனும் அதே கம்பெனியில் டெய்லர். பெயரைச் சொன்னதும் தெரிந்துகொண்டார். பிள்ளை எப்படி இருக்கிறது, அங்கே குளிராமே என்றார். கார்டில் நிமிடங்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"அந்தோணியண்ணே, அன்னைக்கு வேன ஓட்டுனது நான் இல்லீங்க" என்றேன்.

"தெரியும் சார்."

போனை இன்னொரு காதுக்கு மாற்றிப் பிடித்தேன்.

"கீழ கெடந்தவன் நான்லா. வண்டிய விட்டு எறங்குனது யாருன்னு எனக்குத் தெரியாதா?"

"அப்பறம் ஏனுங்க என்னைய விடுங்கன்னு சொன்னீங்க?"

"நீங்க தலையத் தொங்கப் போட்டுட்டு நின்னியள்லா. பாக்கச் சங்கடமா இருந்துச்சு. அதான் சொன்னேன்." கேட்டுக்கு அந்தப் பக்கம் ஏதோ லாரி திரும்பும் சத்தம் கேட்டது. அது போகட்டும் என்று இருந்துவிட்டுப் பேசினார். "மத்தபடி ஒரு கொறையும் இல்ல சார். வேல குடுத்தாவ, மவனுக்கும் குடுத்தாவ. வேன ஓட்டுன அந்தத் தம்பிதான் இன்னைக்கு வரைக்கும் ஒரு வார்த்த கேக்கல."

நடந்ததையெல்லாம் ஊர்ப் பத்திரிகைக்கு எழுதலாம் என்றிருக்கிறேன், எழுதட்டுமா என்று கேட்டேன்.

"எழுதுங்க சார். எம்பேர மாத்திருங்க. அந்தத் தம்பி பேரயும் போட்டுராதிய. அத அவருதான் வந்து சொல்லணும்."

அவர் கேட்டபடியே செய்திருக்கிறேன்.